ஜீரோ என்று கூப்பிட்டால் வரும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை இல்லை. ஒரு சிறுவர் நாவலை. தெருவில் கிடந்த பூனைக்குட்டியை ஒரு குடும்பம் எடுத்து வளர்க்கிறது, பத்து அத்தியாயம், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒன்பது அத்தியாயம் மளமளவென்று ஓடி வந்துவிட்டது. பத்தாவது அத்தியாயம் என்று மேலே எழுதியதும் கை நின்றுவிட்டது. நின்ற கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், பக்கத்திலேயே இன்னொரு ஃபைலைத் திறந்து, கை ஏன் நின்றது என்று எழுதத் தொடங்கினேன். அதுதான் இது.

எழுதுகிற இடம் ஓர் அச்சகம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். பின்னறையில் இரண்டு அச்சு மெஷின். அடுத்தவர் எழுதியதை டைப் செய்து, பக்கம் அமைத்து, பிழை திருத்திக் கொடுப்பது பத்தொன்பது வருடமாக என் வேலை. விசிட்டிங் கார்டு, கேள்வித்தாள், கவிதைப் புத்தகம் எல்லாம் இந்த விரல்கள் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஒருநாள் முதலாளி, "எல்லாரோடதையும் திருத்துறீங்களே, நீங்களே ஒண்ணு எழுதுங்களேன். மெஷின் சும்மா இருக்கிற மாசத்துல ஓட்டித் தரேன்" என்றார். வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகள் வேறு, "நம்ம பூனையைப் பத்தி எழுதும்மா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

நாவலில் வருகிற அம்மா நான்தான். இங்கேயும் 'அம்மா' என்றே எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. 'அம்மா' என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். தேவைப்பட்டால் நாலு திட்டும் திட்டலாம். நடுவில் கால் தடுக்கி 'நான்' வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நாவலின் முதல் வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன். அடித்தவற்றையும் அப்படியே தருகிறேன்.

அது ஒரு மழைக்காலம். வாசல் படியில் ஒரு குட்டி நனைந்துகொண்டு

(மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்த நாள். ஆனால் சிறுவர் நாவலில் பூனை என்றால் நனைந்துகொண்டுதான் வர வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.)

எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

(எங்கிருந்து என்று நன்றாகவே தெரியும். 'வந்தது' என்பதும் அவ்வளவு சரியில்லை.)

அப்பா ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தார். அதற்குள்

(உண்மை இதுதான். பூனை ஃபிரிட்ஜோடு டெம்போவில் வந்தால் கதைக்கு நன்றாக இருக்காதே என்று அடித்தேன். வேறு காரணம் இல்லை. அப்போது இல்லை.)

யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூனைக்குட்டி இருந்தது.

இதைத்தான் வைத்துக்கொண்டேன். மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்தாள். இன்று அந்த வாக்கியத்தைத் திறந்தால் 'யாருக்கும்' என்ற சொல் என்னைப் பார்த்து முழிக்கிறது.

3

நடந்தது இது.

அப்பாவுக்குப் பழைய ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்வது தொழில். ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் வீட்டைக் காலி செய்த ஒருவர், தன் ஃபிரிட்ஜை இவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எடுத்துவர நேரம் கிடைக்காமல் அது இரண்டு வாரம் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு சனிக்கிழமை அதை டெம்போவில் ஏற்றி வந்து நடு ஹாலில் இறக்கினார். மறுநாள் காலையில் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், கம்ப்ரசர் இருக்கிற குழியில் ஒரு கறுப்புக் குட்டி சுருண்டு கிடக்கிறது. வலது காது நுனி மட்டும் வெள்ளை.

"உள்ள குடித்தனமே நடத்தியிருக்கு" என்றார் அப்பா.

மகள் தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயது. எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"ப்பா, இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. அந்த பார்க்கிங் பூரா பூனைதான். ஏதோ ஒண்ணு சூட்டுக்காக உள்ள பூந்திருக்கு."

"கேட்டியா?"

"சரி, கேக்குறேன் இரு."

அப்பா நேர்மையான மனிதர். கை எண்ணெயைக்கூடத் துடைக்காமல் ஃபிரிட்ஜ்காரருக்குப் போன் போட்டார். "பூனையா? பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல். நான் ஏங்க வளக்கப் போறேன்?" என்று பதில் வந்தது. விசாரணை அத்தோடு முடிந்தது. ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரரைக் கேட்டோம். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எதையும் ஃபிரிட்ஜ் வழியாகவே யோசித்துப் பழகிய குடும்பம் எங்களுடையது.

மடியில் வைத்ததும் குட்டி குர்ரென்று ஓடத் தொடங்கியது. "கம்ப்ரசர் நல்ல கண்டிஷன்" என்றார் அப்பா. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.*

* நாவலில் 'பஞ்சு' என்று வைத்தேன். வக்கீல் பென்சிலால் அடித்து, 'தவறான தகவல்' என்று ஓரத்தில் எழுதிவிட்டாள்.

4

இந்த இடத்தில் நாவல் நான்கு அத்தியாயத்துக்குச் சந்தோஷமாகப் போகிறது. குட்டி பால் குடிக்கிறது, திரைச்சீலையில் ஏறுகிறது, அப்பாவின் கருவிப் பெட்டியில் தூங்குகிறது. எல்லாம் உண்மை. மகள் ஒரு நோட்டை எடுத்து மேலே 'கம்ப்ரசர் வழக்கு' என்று தலைப்புப் போட்டு, தினமும் குறித்துக்கொண்டு வருகிறாள். காலை, இரண்டு தும்மல். மாலை, அம்மாவின் செருப்பைக் கடித்தது, எச்சரித்து விடப்பட்டது. ராத்திரி, என் காலடியில் படுத்தது, நான் அசையவில்லை.

அந்தக் கடைசிக் குறிப்பைப் படித்துவிட்டு அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை ராத்திரியெல்லாம் கால் மரத்துப்போய்க் கிடந்திருக்கிறது, பூனை எழுந்துவிடக் கூடாதென்று. இதை நாவலில் எழுதவில்லை. ஏன் அழுதாய் என்று வாசகர்கள் கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முந்தைய நாள்தான் அச்சகத்துக்கு ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார்.

5

உச்சி வெயில் நேரம். சாம்பல் நிற யூனிஃபார்ம், ஐம்பது வயது இருக்கும். கையில் போனை நீட்டியபடியே உள்ளே வந்தார்.

"நாப்பது நோட்டீஸ் வேணும்மா. படம் இதுல இருக்கு. படமும் நம்பரும் போட்டாப் போதும்."

"என்ன காணோம்னு எழுதணும்ல அண்ணா?"

"பூனைக்குட்டி. பேரு ஜீரோ."

"ஜீரோவா?"

"நான் லிஃப்ட் ஆபரேட்டர். தரைத்தளத்துக்கு பட்டன்ல ஜீரோன்னுதான் போட்டிருக்கும். அங்கயே கிடந்து வளந்துச்சு, அதான் அந்தப் பேரு."

அம்மா படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். அவருடைய யூனிஃபார்ம் தொப்பிக்குள் ஒரு கறுப்பு உருண்டை. முகம் பாதிதான் தெரிந்தது. பூனைக்குட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று நினைத்தாள். (நினைத்தேனா? இந்த வாக்கியத்துக்கு நான் பொறுப்பில்லை.)

"நம்பர் சொல்லுங்க அண்ணா."

சொன்னார். அம்மா அடித்தாள். பத்து இலக்கம். கடைசி இலக்கம் இரண்டு. திரையில் விழுந்தது ஐந்து. எண் விசைகளில் இரண்டுக்கு நேர் மேலே இருப்பது ஐந்து. விரல் அரை அங்குலம் தள்ளிப் பட்டால் போதும்.

பிறகு புரூஃப் எடுக்கப் பிரின்டரை முடுக்கினாள். அது சூடாகும் வரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"என் ஸ்டூல் பக்கத்துல பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணு நின்னுச்சும்மா. தண்ணி பாட்டில் வைக்கலாமேன்னு நான்தான் பிளக்கைச் சொருகி வச்சிருந்தேன். பின்னாடி கதகதன்னு இருக்கும்ல, இது போய் அதுக்குள்ள படுத்துக்கும். ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு. திங்கக்கிழமை வந்து பாத்தா ஃபிரிட்ஜையும் காணோம், இதையும் காணோம். படுக்க இடம் போச்சேன்னு கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிடுச்சு போல."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது அவருடைய போன் அடித்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம். புரூஃபைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

"நீங்க பாத்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்று ஓடினார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் பிழைக்கு அச்சகம் பொறுப்பில்லை. ஒரு புள்ளியைக்கூட நாங்கள் கூட்டவோ குறைக்கவோ மாட்டோம். அந்த வழக்கத்தை இதுவரை நான் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில்லை.

5 (மறுபடியும்)

இல்லை. இப்படியும் இருந்திருக்கலாம்.

படம் பெரியது, கம்ப்யூட்டருக்கு மாறுவதற்குள் நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் பேசினார். ஸ்டூல், ஃபிரிட்ஜ், கதகதப்பு, சனிக்கிழமை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்:

"நம்பர் சொல்லுங்க அண்ணா."

சொன்னார். அம்மா அடித்தாள். கடைசி இலக்கம் இரண்டு. திரையில் விழுந்தது ஐந்து.

பார்த்தீர்களா? அதே வாக்கியங்கள்தான். வரிசை மட்டும் மாறியிருக்கிறது. முதல் வரிசையில் அம்மா அசந்து மறந்து ஒரு விசையைத் தவறவிட்ட வேலைக்காரி. இரண்டாவது வரிசையில் அவள் திருடி. பத்தொன்பது வருடம் பத்தி மாற்றிப் போடுவதையே தொழிலாகச் செய்தவளுக்கு, தன் வாழ்க்கையில் எந்தப் பத்தி முதலில் வந்தது என்று தெரியவில்லை.

நிஜமாகவே தெரியவில்லை. சாமர்த்தியத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முதல் வரிசையை எழுதும்போது அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கிறது. இரண்டாவதை எழுதும்போது உள்ளங்கை வியர்க்கிறது. வியர்த்தால் அது உண்மையா? எழுதும்போது எனக்கு வில்லன் காட்சிகளிலும்தான் வியர்க்கிறது. மூன்று இரவு சரியாகத் தூங்காமல் யோசித்ததில், இருந்த ஞாபகமும் குழம்பிப்போய்விட்டது.

ஆர்டர் புக்கில் என் கையெழுத்தில் அவருடைய நம்பர் சரியாக இருக்கிறது. கடைசியில் இரண்டு, அழகாகச் சுழித்த இரண்டு. ஆக, காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

6

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாசல் வரை ஓடியவர் திரும்பி நின்று சொன்னார்:

"ஜீரோன்னு கூப்பிட்டா வரும்னு கீழ ஒரு வரி சேத்துடுங்கம்மா."

அம்மா தலையாட்டினாள். சேர்க்கவில்லை. அதனால் நோட்டீஸில் ஜீரோ என்ற பெயரே இல்லை. கையெழுத்துப் போட்ட புரூஃபில் எதையும் சேர்க்கக் கூடாதே! (சேர்க்கச் சொன்னதே கையெழுத்துப் போட்டவர்தான் என்று முணுமுணுக்காதீர்கள். எனக்கும் காது கேட்கிறது.) பக்கத்தில் இடமும் இல்லை. எழுத்தை ஒரு சுற்றுச் சிறிதாக்கியிருந்தால் இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குட்டி சமையலறை மூலையில் ஒரு வெங்காயத்தோலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

"ஜீரோ."

வெங்காயத்தோலை விட்டுவிட்டு ஓடி வந்தது. வந்து நின்று முகத்தை நிமிர்த்தி, 'இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்' என்பதுபோலப் பார்த்தது. கம்ப்ரசர் என்று கூப்பிட்டபோதெல்லாம் அது ஒருநாளும் அப்படி ஓடி வந்ததில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லவே இல்லை. பாத்திரம் கழுவும்போது நாக்கின் நுனி வரை வந்துவிடும். விழுங்கிவிடுவாள்.

7

நான்கு நாள் கழித்து மகள் பள்ளியிலிருந்து ஒரு நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஸ்கூல் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. காதைப் பாரு."

கறுப்பு வெள்ளையில் மங்கலாக அச்சான படம். வெள்ளை நுனி ஒரு கடுகளவுதான் தெரிந்தது. மகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா அதே படத்தைக் கலரில், பெரிய திரையில் பார்த்தவள்.

"காதுல வெள்ளை இருக்கிற பூனை ஊர்ல ஆயிரம் இருக்கும்" என்றார் அப்பா. ஆனாலும் அவர் குரலில் தெம்பில்லை. மகள் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வக்கீல் வக்கீல்தான்.

"போன் பண்ணுப்பா."

"இவங்களோடதா இருந்தாக் குடுத்துடணும், தெரியுமில்ல?"

"தெரியும். பண்ணு."

அப்பா ஸ்பீக்கரில் போட்டார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நம்பர் தவறு என்று அப்போது அவளுக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள்? மறுநாள்தான் ஆர்டர் புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மறுநாள்தான். ஆனால் மணி அடிக்கத் தொடங்கியதும், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஏனோ நிச்சயமாக இருந்தது.

எடுத்தார்கள்.

"இன்னிக்கு மட்டும் ஆறாவது ஆளுங்க நீங்க! பூனையும் இல்ல, புலியும் இல்ல. நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுறவன். அந்த நோட்டீஸ் ஒட்டுன ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

மகள் விடவில்லை. ஒரு நம்பரைத் தப்பாக அழுத்தியிருக்கலாம் என்று அவளே இன்னும் இரண்டு முறை போட்டாள். மூன்றாவது முறை டைல்ஸ்காரர், "பாப்பா, உனக்குப் புண்ணியமாப் போகட்டும், எனக்குக் கை பூரா சிமென்ட்டு" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"அப்போ இது நம்மளோடதுதானா? சட்டப்படி?"

"சட்டப்படி" என்றார் அப்பா. "நம்ம பக்கத்துல இருந்து செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு."

அன்றைக்கு நோட்டில் 'வழக்கு முடிந்தது, கம்ப்ரசர் விடுதலை' என்று எழுதினாள். அப்பாவும் மகளும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஆடினார்கள். இருவருடைய மனசும் துடைத்து வைத்தது போலச் சுத்தம். வீட்டிலேயே ஒரே ஆள்தான் அழுக்கு. அந்த ஆள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

8

கதைக்கு வருவோம். நாவலுக்கு.

எட்டாவது அத்தியாயத்தில் ஒரு புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தேன். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு மனிதன். 'இது என் பூனை' என்று வாசலில் வந்து நிற்கிறான். அவனுக்கு உருட்டுக் கண், கரகரத்த குரல், பூனையைக் காலால் எத்துகிற பழக்கம். குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து அவனை விரட்டியடிக்கிறது. எழுதும்போது கை பறந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

மகள் படித்துவிட்டு, அதே பக்கத்துக்கு மறுபடி திரும்பினாள்.

"அம்மா, இவரு ஏன் கெட்டவரு?"

"கதைன்னா ஒருத்தர் கெட்டவரா இருக்கணுமில்ல."

"ஆனா பூனை அவரோடதுதானே? இதே பக்கத்துல நீயே எழுதியிருக்க, அவரைப் பாத்ததும் பூனை ஓடிப்போயி அவரு காலைச் சுத்துச்சுன்னு."

எழுதியிருந்தேன். எனக்கே தெரியாமல் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தபிறகு அந்த மனிதன் முன்னைவிட நல்லவனாகத் தெரிந்தான். கண்ணைச் சிறிதாக்கினேன், குரலைச் சரிசெய்தேன், எத்துவதை எடுத்தேன். கடைசியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற சாதாரண மனிதர் மிஞ்சினார். அவரை விரட்ட அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஒன்பதாவது அத்தியாயத்தில் அவர் வாசலில் நிற்கிறார். பத்தாவதற்கு நான் யோசித்த முடிவுகள் இவை:

அ. அவர் சிறுமியின் கண்ணீரைப் பார்க்கிறார். "நீயே வச்சுக்கோ பாப்பா" என்று தலையைத் தடவிவிட்டுப் போகிறார். இதுதான் வழக்கமான முடிவு. முதலாளிக்கும் பிடிக்கும். பூனையைப் பறிகொடுத்தவர் பெருந்தன்மையைக் காட்ட, பறித்தவர்களின் கை சுத்தமாகிவிடும். எத்தனை புத்தகங்களில் இதை டைப் செய்திருப்பேன்! ஒருமுறைகூட உறுத்தியதில்லை.

ஆ. பூனை அவரோடு போகிறது. சிறுமிக்கு அப்பா வேறொரு குட்டியை வாங்கி வருகிறார். (பூனை என்ன பல்பா, ஃபியூஸ் போனால் மாற்றிப் போட?)

இ. யாருக்கும் எதுவும் தெரியாமலே போகிறது. பூனை வளர்கிறது. சிறுமியும் வளர்கிறாள். அம்மா பாத்திரம் கழுவுகிறாள், நாக்கின் நுனியில்

வேண்டாம்.

9

மேலே உள்ளதெல்லாம் இரண்டு வாரமாக மதிய இடைவேளைகளில் எழுதியது. இதை இன்று காலை பதினொன்றரை மணிக்கு எழுதுகிறேன். லிஃப்ட் ஆபரேட்டர் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

வந்ததும் சொன்னார்: "இன்னும் நாப்பது போடுங்கம்மா. அதே மாதிரி."

"யாருமே கூப்பிடலயா அண்ணா?"

"ஒருத்தரும் இல்ல. லிஃப்டுல ஏறுறவங்க எல்லாம் கேக்குறாங்க, கிடைச்சுச்சா கிடைச்சுச்சான்னு. ஆறு மாடிக்கும் பதில் சொல்லி அலுத்துப்போச்சு. அதுக்குப் படுக்க ஒரு பெட்டிக்குள்ள துணி போட்டு வச்சிருக்கேன். திரும்பி வந்தா இடமில்லன்னு போயிடக் கூடாதுல்ல."

நாற்பது நோட்டீஸை ஒட்டியவர் தன் நம்பரை ஏன் கவனிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தன் நம்பரை யாரும் படிப்பதில்லை. ஒரு கம்பெனி மேனேஜர் தப்பான நம்பர் போட்ட விசிட்டிங் கார்டை ஒரு வருடம் ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார், எனக்கே தெரியும். சொந்த நம்பர் சரியாகத்தான் இருக்கும் என்று கண் தானாகவே முடிவுகட்டிவிடும்.

பழைய ஃபைலைத் திறந்தேன். ஐந்து அங்கேயே இருக்கிறது.

போன முறை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தெரியும். இப்போது அந்த ஐந்தை அப்படியே விட்டால் விரல் தவறியது என்று சொல்ல முடியாது. அதுவரைக்கும் தெளிவு.

சத்தமில்லாமல் இரண்டாக மாற்றிவிட்டால்? அதையும் யோசித்தேன். புது நோட்டீஸ் மறுபடி பள்ளிச் சுவருக்குப் போகும். நம்பர் மாறியிருப்பதை வக்கீல் கண்டுபிடிப்பாள். அவளே போன் செய்வாள். பூனையைத் தன் கையால் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை எந்த அச்சகத்தில் அடித்தவை என்று விசாரிப்பாள். நான் சொல்ல வேண்டியதை ஒன்பது வயதுப் பிள்ளையைச் சொல்ல வைத்ததாக ஆகும்.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நிமிர்ந்தேன். "அண்ணா" என்றேன். "சொல்லுங்கம்மா" என்றார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். இரண்டு முறையும் அதையே கேட்டேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டார், பாவம்.

இப்போது அவர் கேட்கிறார்: "டைப் அடிச்சுக்கிட்டே இருக்கீங்களே, அவ்வளவு மேட்டரா இருக்கு?"

"கொஞ்சம் சேக்க வேண்டியிருக்கு அண்ணா."

"சேருங்க, சேருங்க. லிஃப்டுக்கு இன்னிக்கு சர்வீஸ். மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல."

அவருக்கு நேரம் இருக்கிறது. படிக்கவும் தெரியும். நாற்பது நோட்டீஸுக்குப் பதிலாக இந்தப் பக்கங்களைத்தான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.

அண்ணா, இதுவரை 'நீங்கள், நீங்கள்' என்று நான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். எவரோ முன்பின் தெரியாத வாசகர், எங்கோ உட்கார்ந்து படிப்பார், நியாயம் சொல்வார் என்று. அவரால் சொல்ல முடியாது. அன்றைக்கு இந்த மேசைக்கு எதிரே இருந்தது நீங்கள் ஒருவர்தான். எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நீங்கள் முதலில் நம்பரைச் சொன்னீர்களா, ஃபிரிட்ஜைச் சொன்னீர்களா?

நீங்கள் சொல்கிற பதில் எதுவானாலும் நான் செய்தது மாறாது. அது என்னவென்று எனக்குத் தெரிந்தால் போதும். நாவலின் பத்தாவது அத்தியாயத்தை நான் எழுதப்போவதில்லை. 'நீயே வச்சுக்கோ பாப்பா' என்று உங்கள் வாயில் போட எனக்கு உரிமை கிடையாது.

ஜீரோ எங்கள் வீட்டில் இருக்கிறது அண்ணா. நன்றாகச் சாப்பிடுகிறது. என் மகள் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வருவாள். அவளிடம் நானேதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நீங்களும் கூட இருந்தால் நன்றாக இருக்கும்.